பதினாறோடு நின்ற வாய்ப்பாடு

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தி வருவதற்கு முந்தைய வாரம் கேக் வெட்டுவார்கள். அந்தத் தடவை கேக்கில் முந்திரி நிறைய இருந்தது. நான் என் துண்டைத் தொடவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்தான் என் பிழைப்பு. யார் எந்த கேபில் ஏற வேண்டும், எந்த கேப் ஹெப்பகோடி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், யாரையும் யாரையும் ஒரே வண்டியில் உட்கார வைத்தால் மறுநாள் எச்.ஆர். வரை விஷயம் போகும் என்பதெல்லாம் என் மண்டைக்குள் இருக்கிறது. இதற்குப் பெயர் அறிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி அப்படி நினைக்கவில்லை.

மெயிலில் சொன்னது இவ்வளவுதான். சப்போர்ட் பிரிவில் இருக்கும் எல்லோரும் ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம். இரண்டு வாய்ப்புகள் உண்டு. இரண்டிலும் தேறாதவர்களுக்கு 'வேறு வாய்ப்புகளைத் தேடிக்கொள்ள நேரம் வழங்கப்படும்.' வேலையை விட்டுத் துரத்துவதை இத்தனை மரியாதையாக எழுத முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். மகள் இரண்டாம் பி.யு.சி., நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறாள். நான் தலைநரைத்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் படிக்கிற வயதில் இருக்கிறேன். இந்த டெஸ்க்கை விட்டால் எனக்கு இன்னொரு டெஸ்க் கிடையாது. கேப் போடுவதற்கு இப்போதெல்லாம் செயலி வந்துவிட்டது. அது டீ குடிக்கக்கூட எழுந்து போவதில்லை.

பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தேன். முதல் தலைப்பு: முழு எண்ணின் காரணிகள், மடங்குகள், பகா எண்ணைக் கண்டுபிடித்தல். ஆங்கிலத்தில் இருந்தது. நான் திருப்பத்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். ஃபாக்டர் என்றால் காரணி, மல்டிபிள் என்றால் மடங்கு, பிரைம் என்றால் பகா எண் என்று மூன்றையும் மனதில் பதிய வைப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பன்னிரண்டை மிச்சமில்லாமல் வகுப்பவை பன்னிரண்டின் காரணிகள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு. பன்னிரண்டைப் பெருக்கிக்கொண்டே போனால் வருபவை அதன் மடங்குகள். ஒன்றும் தானும் தவிர வேறு எதற்கும் மசியாத எண் பகா எண். ஒன்று மட்டும் பகா எண் கிடையாதாம். அதற்கு ஒன்றைத் தவிர வேறு ஆள் துணை இல்லை என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

கேப் போடுகிறவனுக்கு இது எதற்கு என்று என் மேனேஜரிடம் கேட்டேன். அவன் கோயம்புத்தூர்ப் பையன், என்னை 'ஜி' என்பான். தனக்கும் தெரியாது, தானும் எழுதத்தான் வேண்டும், ஆனால் தனக்கு இதெல்லாம் ஈஸி என்றான். அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

சந்தாபுராவில் ஒரு சின்னப் பள்ளியில் என் மனைவி எல்.கே.ஜி. மிஸ். வீட்டிலும் அந்தக் குரலை அவளால் முழுசாகக் கழற்றி வைக்க முடியாது. மெயிலைப் படித்துக் காட்டியதும் அவள் சொன்னாள்: "நீங்க எண்ண வகுக்குறது இருக்கட்டுங்க. இந்தத் தடவ ஆபீஸ்தான் உங்கள மீதியில்லாம வகுக்கப் போகுது."

முதல் வாய்ப்பு ஒரு சனிக்கிழமை காலை. தேர்வைக் கண்காணிப்பது மனிதர் இல்லை, ஒரு மென்பொருள். அது போட்ட நிபந்தனைகளைப் படித்தபோது தேர்வு எழுதப் போகிறேனா, உள்ளே போகப் போகிறேனா என்று சந்தேகம் வந்தது. அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவு மூடியிருக்க வேண்டும். லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் கட்டிலுக்கு அடியையும் காட்ட வேண்டும். தாள், பேனா கூடாது. எழுந்திருக்கக் கூடாது, பக்கவாட்டில் பார்க்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, பேசக் கூடாது. மூன்று எச்சரிக்கைக்குப் பிறகு தேர்வு தானாக மூடிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது படுக்கையறைக்கு மட்டும்தான். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கும் என்பதால் அதையும் நிறுத்தினோம். குக்கர் விசில் மூன்று அடித்தால் என் உத்தியோகம் போய்விடும் என்று பயந்து, அன்று சமையலையே தள்ளிவைத்து மனைவி வெளியே காவல் இருந்தாள்.

முதல் கேள்வி: எண்பத்துநான்குக்கு மொத்தம் எத்தனை காரணிகள்? எனக்குச் சந்தோஷம். ஜோடி ஜோடியாகப் பிடித்துவிடலாம். ஒன்றும் எண்பத்துநான்கும், இரண்டும் நாற்பத்திரண்டும், மூன்றும் இருபத்தெட்டும், நான்கும் இருபத்தொன்றும், ஆறும் பதினான்கும். அடுத்தது ஏழு. ஏழாம் வாய்ப்பாட்டுக்குள் இறங்கினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வாய்ப்பாடு மண்டையில் இல்லை, வாயில் இருக்கிறது. பெயரே வாய்ப்பாடுதானே. எங்கள் வகுப்பில் அறுபது பேர் சேர்ந்து ராகம் போட்டுச் சொன்னது. ஏழு பன்னிரண்டு எவ்வளவு என்று நேராகக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஓரேழு ஏழு என்று அடிவாரத்தில் ஏறி, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு, நாலேழு இருபத்தெட்டு என்று போய்த்தான் பன்னிரண்டில் இறங்க முடியும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை மாதிரிதான், நினைத்த இடத்தில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. சத்தம் வராமல் சொல்ல எனக்கு வராது. இத்தனை வருடம் அது எனக்கே தெரியாது, ஏனென்றால் இத்தனை வருடம் என் பக்கத்தில் மைக் வைத்து யாரும் என்னைப் பெருக்கச் சொல்லவில்லை.

'ஆறேழு' என்னும்போது திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. குரல் கேட்கிறது, முதல் எச்சரிக்கை.

வாயை மூடிக்கொண்டேன். மூடியதும் வாய்ப்பாடும் மூடிக்கொண்டது. திரையில் கிறுக்கிப் பார்க்க ஒரு வெள்ளைப் பலகை கொடுத்திருந்தார்கள். மவுஸால் எட்டு போட்டால் அது நசுங்கிய வடை மாதிரி வந்தது. அடுத்த கேள்வியில் தொண்ணூற்றொன்று பகா எண்ணா என்றிருந்தது. பார்த்தால் பகா எண் மாதிரியே உட்கார்ந்திருக்கும், பலே கள்ளன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் ஏறினால் ஏழாவது படியில் பிடித்துவிடலாம். குரலை மூக்குக்குள் தள்ளி முனகிக்கொண்டே ஏறினேன். பிடித்தும் விட்டேன். இரண்டாவது எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவது எதற்கு வந்தது என்று எனக்கே தெரியாது. திரை சாம்பல் நிறமாகி, தேர்வு நிறுத்தப்பட்டது என்றது. அறையில் நானும் புழுக்கமும் மட்டும் இருந்தோம்.

தாழ்ப்பாளைத் திறந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எங்க எல்.கே.ஜி. பசங்க கூட வாயில விரல் வைன்னா வச்சிடும்" என்றாள். ஆனால் அன்று மத்தியானம் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சி. வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கணக்குப் போட வேண்டும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எதிரே நின்று எண்களைக் கேட்பாள். நான் விரலால் விடை காட்ட வேண்டும். எட்டாம் வாய்ப்பாடு வரை தண்ணீர் தாங்கியது. ஒன்பதில் பாதியை விழுங்கிவிடுவேன். பதின்மூன்றில் புரையேறிச் சட்டையெல்லாம் நனையும். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, வைத்தியமா என்று விசாரித்தார். ஆமாம், உத்தியோகத்துக்கு என்றேன்.

தண்ணீர் இல்லாத நேரங்களில் பகா எண் சோதனை பழகினோம். என் முறை எளிமையானது. எண்ணை எடுத்து இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. எதிலும் சிக்கவில்லையென்றால் பகா எண். ஏன் பதினாறு? எங்கள் பள்ளியில் பதினாறோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படாது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அவள் கேட்ட எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த முறை பிசகாமல் வேலை செய்தது.

அதற்குள் எச்.ஆரிலிருந்து அழைப்பு வந்தது. நான் வெளியாளோடு பேசி விடை வாங்கியதாகச் சந்தேகம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் இரண்டாவது வாய்ப்பே கிடையாது.

அந்த அறை நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே அழுகிறவர்களை வெளியே போகிறவர்கள் பார்க்கலாம், ஆனால் சத்தம் வராது. எதிரே உட்கார்ந்திருந்த எச்.ஆர். பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பெண், தமிழும் பேசுவார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மென்பொருள் என் குரலை ஆங்கிலம் என்று நினைத்து எழுத்தாக மாற்றி வைத்திருந்தது. 'இயர் எல்போ' என்று இருந்தது. அடுத்த வரியில் 'மூவ் எல்போ.' அதாவது காது, முழங்கை, நகர்த்து, முழங்கை. ஈரேழும் மூவேழும் அப்படி ஆகியிருந்தன. இது சங்கேத மொழியாக இருக்கலாம் என்று கீழே குறிப்பு வேறு.

"ஸார், இந்த எல்போ யாரு?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வேலை போகும் என்பதால் இருமலாக மாற்றினேன். எல்போ என்று யாரும் இல்லை, அது ஏழு, நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். அவருக்கு வாய்ப்பாடு என்ற சொல் பிடிபடவில்லை. சொல்லிக் காட்டச் சொன்னார். நான் கண்ணாடி அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓரேழு ஏழு என்று ஆரம்பித்தேன். நாலேழு வருவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அய்யோ, மக்கியா ஸார்?"

எனக்குத் தெரிந்த மக்கி இரண்டு நிமிடத்தில் வேகிற நூடுல்ஸ். தேர்வின்போது சாப்பிடக் கூடாது என்ற நிபந்தனை நினைவுக்கு வந்து, "இல்ல மேடம், நான் ஒண்ணும் சாப்பிடல" என்றேன்.

அவர் மேசை மேல் கவிழ்ந்து சிரித்தார். கன்னடத்தில் வாய்ப்பாட்டுக்குப் பெயர் மக்கியாம். இத்தனை வருடம் இந்த ஊரில் கன்னடம் பேசி, டிரைவர்களோடு கன்னடத்தில் சண்டையும் போட்டவனுக்கு, பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் புழங்குகிற அந்த ஒரு சொல் வந்து சேரவில்லை. அவர் வெளியே ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்து, "ஏளொந்த்லே ஏளு, ஏளெரட்லே ஹதினால்கு" என்று சொல்லிக் காட்டினார். ராகம் வேறு, ஆனால் தலையாட்டல் அதேதான். தானும் கன்னட மீடியம்தான் என்றும், இங்கே யாரிடமும் சொல்வதில்லை என்றும் சொன்னார்.

ஆனால் சிரித்ததால் விதி மாறவில்லை. மென்பொருள் இல்லாமல் எழுத வேண்டுமானால் அலுவலகத்திலேயே ஒரு மனிதர் கண்காணிப்பில் எழுதலாம். அதற்கு விண்ணப்பத்தில் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வை, செவி, நடமாட்டம் என்று வரிசையாக இருந்தது. கடைசியில் 'மற்றவை.' அதைத் தட்டி, 'வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கு வரும்' என்பதை ஆங்கிலத்தில் எப்படியோ எழுதினார். கண்காணிப்பாளராகத் தன் பெயரையே போட்டுக்கொண்டார்.

இரண்டாவது தேர்வு ஒரு மீட்டிங் ரூமில். அதுவும் கண்ணாடிதான். தேர்வு முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. நான் லேப்டாப் முன்னால், அவர் எதிரே நாற்காலியில். என்னோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று அவருக்கும் விதி.

வாய்விட்டுச் சொல்ல அனுமதி கிடைத்ததும் எனக்குக் குரல் வரவில்லை. பிறகு வந்தது, கொஞ்சம் அதிகமாகவே. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு முப்பத்தாறு என்று கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே என் மேனேஜர் காபி கப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து சத்தம் போகாது. தலையை ஆட்டி ஆட்டி, எதிரே ஒரு பெண்ணைப் பார்த்து நான் என்னவோ ஓதிக்கொண்டிருப்பதாக மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும். கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான்.

நான்கைந்து கேள்விகளுக்கு விடை தெரியாமலே தட்டியிருந்தேன். தேறுவேனா மாட்டேனா என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றேன். கடைசிக் கேள்வி வந்தது. முந்நூற்று இருபத்துமூன்று பகா எண்ணா, இல்லையா?

ஒற்றைப்படை, இரண்டு போகாது. இலக்கங்களைக் கூட்டினால் எட்டு, மூன்று போகாது. ஐந்தும் இல்லை. ஏழில் ஒன்று மிச்சம். பதினொன்றில் நான்கு மிச்சம். பதின்மூன்றில் கவனமாக ஏறினேன். பதின்மூன்று பதினாறு இருநூற்றெட்டு, மிச்சம் நூற்றுப் பதினைந்து, அதில் பதின்மூன்று எட்டு நூற்றுநாலு, மிச்சம் பதினொன்று. போகாது. பதினான்கும் பதினைந்தும் பதினாறும் வெறும் சம்பிரதாயத்துக்கு. முடிந்தது. பகா எண். மவுஸை அந்த வட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

தட்டுவதற்கு முன் எதேச்சையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் மடியில். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் துளியும் இல்லை. தலை லேசாக ஆடியது. என்னோடு சேர்ந்து அவரும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

பதினாறுக்கு அப்புறம் என்ன சொல்கிறார்?

அப்போதுதான் உறைத்தது. கன்னடப் பள்ளியில் மக்கி இருபது வரை போகும் போலிருக்கிறது. பதினாறோடு எண்கள் முடிவதில்லை, என் பள்ளிக்கூடம்தான் முடிந்தது. மவுஸ் மேல் வைத்த விரல் அப்படியே நின்றது. பகா எண் என்று தட்டினால் தெரிந்தே பள்ளத்தில் விழுகிறேன். இல்லை என்று தட்டினால் அடுத்தவர் உதட்டைப் பார்த்து எழுதியவன் ஆகிறேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, கதவையும் திறக்கக் கூடாது. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியாத வாய்ப்பாட்டை நானே கட்டிக்கொண்டு ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. பதினேழு. ஈர்பதினேழு முப்பத்துநான்கு. பதினேழு பதினேழாகக் கூட்டிக்கொண்டே, வாய்விட்டு, ஒவ்வொரு படியாக. ராகம் இல்லாததால் தடுமாறியது. நூற்றிரண்டு, நூற்றுப் பத்தொன்பது, நூற்று முப்பத்தாறு. ஒன்பதாவது படியில் நூற்று ஐம்பத்துமூன்று. பத்தாவதில் நூற்றெழுபது. முந்நூற்று இருபத்துமூன்றிலிருந்து நூற்றெழுபதைக் கழித்தேன். மிச்சம் நூற்று ஐம்பத்துமூன்று. இப்போதுதானே அதைத் தாண்டி வந்தேன். பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. பதினேழு பத்தொன்பது முந்நூற்று இருபத்துமூன்று.

இல்லை என்பதைத் தட்டினேன். என் முறை இருநூற்று எண்பத்தெட்டு வரைதான் செல்லும் என்றும், பதினேழு பதினேழு இருநூற்று எண்பத்தொன்பதில் அது குப்புற விழுந்துவிடும் என்றும் பிற்பாடு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் வீட்டில் பழகிய எண் எதுவும் அவ்வளவு பெரியதில்லை.

தேர்வு முடிந்ததும் முடிவு வரவில்லை. அதற்கு முன்னால் கண்காணிப்பாளர் ஒரு கேள்விக்குப் பதில் தர வேண்டுமாம். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். தேர்வு எழுதியவருக்கு யாரிடமிருந்தாவது எந்த வகையிலாவது உதவி கிடைத்ததா?

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இல்லை என்று தட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

திரையில் சக்கரம் சுற்றியது. பிறகு மதிப்பெண் வந்தது. தேறுவதற்கு என்ன வேண்டுமோ, அது. அரை மதிப்பெண்கூட மேலே இல்லை. கடைசிக் கேள்வியை மாற்றித் தட்டியிருந்தால் வேறு வாய்ப்புகளைத் தேடிக்கொள்ள நேரம் வழங்கப்பட்டிருக்கும். கீழே ஒரு வரி இருந்தது: அடுத்த வருடம் இதற்கு அடுத்த நிலைத் தேர்வு. படித்ததும் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த டெஸ்க், அந்த கேப், அந்தப் பாலம் எல்லாம் இன்னும் ஒரு வருடத்துக்கு என்னுடையவை.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். வெளிச்சத்தம் உள்ளே வந்தது. கை கொடுத்துவிட்டுப் பெரிய மூச்சாக விட்டார்.

"பதினாறோட நிறுத்திட்டீங்களா, எனக்கு எதெ, நெஞ்சே நின்னுபோச்சு ஸார். வாயத் தொறந்துடக் கூடாதுன்னு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

"பாத்தேன் மேடம்" என்றேன்.